மருத்துவ வினா-விடை: இரத்தம் நீர்த்திருப்பதும் உறையாதிருப்பதும் ஒன்றல்ல

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஹெபடைடிஸ் பி கிருமியால் ஈரல் சுருங்கிவிட்டதாக ஓராண்டுக்கு முன்பு கண்டறிந்தார்கள். இப்போது சோதனைக்கு எடுக்கும் இரத்தம் வெளிறித் தண்ணீர் போல் இருக்கிறது. ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்கவும் நேரமாகிறது. "இரத்தம் தண்ணியாயிடுச்சு, கெட்டியாக்கணும்" என்று உறவினர்கள் சொல்ல, பேரீச்சம்பழம், பீட்ரூட் சாறு, இரும்புச் சத்து டானிக் எல்லாம் கொடுத்து வருகிறேன். இது சரிதானா ஐயா?
(வாசகி, மோல்மேன்)

பதில்: அம்மா, தாங்கள் கண்ணால் கண்ட இரண்டும் உண்மை. ஆனால் அவை இரண்டு தனித்தனிச் செய்திகள். இரத்தம் நீர்த்திருப்பது ஒன்று, அது உறையத் தாமதமாவது மற்றொன்று. நம் பேச்சுவழக்கில் "தண்ணியாயிடுச்சு" என்ற ஒரே சொல் இரண்டையும் குறித்துவிடுவதால், ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுக்கும் தவறு பல வீடுகளில் நடக்கிறது. இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்தைச் சுற்றியே இருப்பதால், தங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஒரு திரவம் ஓடும்போது அதன் அடுக்குகள் ஒன்றையொன்று உரசித் தடுக்கும் இயல்பைப் பாகுநிலை என்பார்கள். தண்ணீரும் நல்லெண்ணெயும் ஒரே சரிவில் ஒரே வேகத்தில் ஓடாததற்கு இதுவே காரணம். உடல் வெப்பத்தில் தண்ணீரின் பாகுநிலையை 1 என்று வைத்துக்கொண்டால், அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவின் பாகுநிலை ஏறத்தாழ 1.8 ஆகவும், நலமுள்ள ஒருவரின் முழு இரத்தம் வேகமாக ஓடும் பெரிய குழாய்களில் 4 முதல் 5 ஆகவும் இருக்கும். நடுவில் உள்ள இந்த வேறுபாடு முழுவதும் சிவப்பணுக்களால் வருவது. ஆகவே சிவப்பணுக்கள் இரத்தத்தில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதே இரத்தத்தின் கெட்டித்தன்மையை முதலில் தீர்மானிக்கிறது. தங்கள் கணவரின் சோதனைத் தாளில் பி.சி.வி. என்று அச்சிட்டிருப்பது அந்த அளவுதான்.

ஈரல் சுருக்க நோயில் இந்த அளவு பல வழிகளில் குறைகிறது. ஈரலுக்குள் இரத்தம் நுழைய முடியாமல் தேங்குவதால் மண்ணீரல் வீங்கி, அணுக்களைத் தன்னிடம் நிறுத்திவைத்து அழிக்கிறது. குடலில் சிறுகச் சிறுக இரத்தம் கசிவதும் ஃபோலிக் அமிலம் குறைவதும் சிலருக்கு இதனுடன் சேர்ந்துகொள்ளும். இவற்றுக்கு மேலாக, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துக்கொள்வதால் பிளாஸ்மாவின் அளவே பெருகிவிடுகிறது. அதாவது சிவப்பணுக்கள் குறைந்துபோனது ஒரு காரணம், மீதியுள்ளவை அதிக நீரில் கலந்திருப்பது மற்றொரு காரணம். பி.சி.வி. 45இலிருந்து 30க்கு இறங்கினால் முழு இரத்தத்தின் பாகுநிலை, தண்ணீரை 1 என்று வைத்த அதே கணக்கில், ஏறத்தாழ 3 ஆகக் குறைந்துவிடும். தாங்கள் ஊசிக்குழாயில் கண்ட வெளிறிய இரத்தத்திற்கு விளக்கம் இதுதான்.

இத்தகைய இரத்தம் குழாய்களில் தடையின்றி ஓடும். நைட்ரிக் ஆக்சைடு மிகுவதால் குடல் பகுதியின் இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுப்பதும் இதனுடன் சேர, இரத்த அழுத்தம் தாழ்ந்து, இதயம் வழக்கத்தைவிட அதிகமாக இறைக்கத் தொடங்குகிறது. தங்கள் கணவரின் உள்ளங்கைகள் சிவந்து வெதுவெதுப்பாக இருந்தால் அதை உடல் வலுவின் அறிகுறியாக எண்ணிவிட வேண்டாம். அது இந்த மாற்றத்தின் வெளித்தோற்றம்.

இனி உறைதலுக்கு வருவோம். இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது ஈரல்தான். அதன் வேலைத்திறன் குறைந்தால் அப்புரதங்களும் குறையும். மண்ணீரல் வீக்கத்தால், உறைதலுக்கு உதவும் பிளேட்லெட் அணுக்களும் குறையும். ஊசி குத்திய இடம் தாமதமாக நிற்பதற்கு இவையே காரணம், நீர்த்த தன்மை அன்று. நீர்த்த இரத்தத்தை எவ்வளவு கெட்டியாக்கினாலும் இந்தப் புரதங்கள் வந்துவிடப் போவதில்லை.

பேரீச்சம்பழத்திலும் பீட்ரூட்டிலும் கெடுதல் இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அளவு பார்க்க வேண்டும். ஆனால் இரும்பு டானிக்கை இன்றே நிறுத்திவிட்டு, உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். உடலில் இரும்பு குறைந்திருந்தால்தான் அது மருந்து. குறையாதபோது கொடுத்தால் மிஞ்சிய இரும்பு ஈரலிலேயே படிந்து, ஏற்கெனவே புண்பட்ட உறுப்பை மேலும் புண்படுத்தும். அவருக்கு உண்மையில் தேவையானது கிருமியை அடக்கும் மாத்திரையை ஒருநாளும் விடாமல் உண்பதும், எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் கிடைக்குமாறு பருப்பு, முட்டை, மீன் சேர்த்துக்கொள்வதுமே ஆகும். ஈரல் நோயாளிக்குப் புரதம் ஆகாது என்று பத்தியம் வைத்து உடலை வற்ற வைப்பது பழைய எண்ணம். அந்தப் பத்தியத்தால் தசை கரைந்து மெலிந்துபோனவர்களை நான் நிறையப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு ஈரல் சுருக்கம் உண்டு. இரத்தம் உறையும் தாமதத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.8, பிளேட்லெட் 70,000. "இரத்தம் உறையாது, கவனம்" என்று எங்களை எச்சரித்தவர்களே, இப்போது ஸ்கேனில் ஈரலுக்குப் போகும் பெரிய நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறது என்றும், உறையாமலிருக்க ஊசி போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?
(வாசகர், யாங்கோன்)

பதில்: இரண்டையும் நம்பலாம். முரண்பாடு போலத் தோன்றினாலும் இரண்டும் உண்மைதான்.

ஈரல் உறைய வைக்கும் புரதங்களை மட்டும் செய்யவில்லை. உறைதலை அடக்கிவைக்கும் புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றையும் அதுவே செய்கிறது. நோய் முற்றும்போது தராசின் இரண்டு தட்டுகளிலிருந்தும் எடை குறைகிறது. முள் நடுவிலேயே நிற்கலாம், ஆனால் சிறு காற்றுக்கும் எந்தப் பக்கமும் சாய்ந்துவிடும். இதற்கிடையே ஈரல் செல்களை நம்பியிராத எட்டாவது உறைவுக் காரணியும், பிளேட்லெட்டுகளை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்டு காரணியும் இந்நோயாளிகளிடம் கூடுதலாகவே இருக்கும். ஐ.என்.ஆர். என்பது வார்ஃபரின் என்ற உறைதல் தடுப்பு மாத்திரை உண்போருக்காக ஏற்பட்ட அளவு. அது தராசின் ஒரு தட்டை மட்டுமே பார்க்கிறது. அந்த எண் உயர்ந்திருப்பதை வைத்து "இவருக்கு இரத்தம் உறையவே உறையாது" என்று முடிவு கட்டுவது மருத்துவர்களிடையேகூட நெடுங்காலம் இருந்த பிழை.

ஆனால் அந்த நாளத்தில் மட்டும் ஏன் உறைய வேண்டும்? விர்கோ என்ற ஜெர்மானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதியவற்றையொட்டி, குழாய்க்குள் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம்: ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் கெடுவது, இரத்தத்தின் கலவை மாறுவது. தங்கள் தாயாரிடம் முதற்காரணமே வலுவானது. ஈரலுக்கு ஒரு நிமிடத்தில் செல்லும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தத்தில் நான்கில் மூன்று பங்கை அந்த நாளமே கொண்டுவருகிறது. ஈரல் தழும்பேறி இறுகியபின் அந்த இரத்தம் வாசலிலேயே தயங்கி நிற்கிறது. வேகம் வினாடிக்கு 15 சென்டிமீட்டருக்கும் கீழே போனால் உறையும் அபாயம் கூடுகிறது என்று கொள்வார்கள்.

இங்கே பாகுநிலையின் மற்றொரு இயல்பையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு வேகம் எதுவானாலும் பாகுநிலை ஒன்றுதான். இரத்தம் அப்படியன்று. தீமிதித் திருவிழாவில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்வரை வரிசை கலையாமல் நகரும். நின்றுவிட்டாலோ ஆங்காங்கே அறிமுகமானவர்கள் கூடி நின்று பேசத் தொடங்கி வழியே அடைபட்டுப்போகும். சிவப்பணுக்களும் வேகமாக ஓடும்போது தனித்தனியே, நீண்டு நெளிந்து செல்கின்றன. வேகம் தணிந்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல் ஒட்டிக்கொள்கின்றன. அப்போது பாகுநிலை பல மடங்கு ஏறிவிடும். தமனியில் நீர்த்து ஓடும் அதே இரத்தம், ஓட்டம் தேங்கிய நாளத்தில் தன் நீர்த்த தன்மையை இழந்துவிடுகிறது என்பதை நினைவிற்கொண்டால் தங்கள் குழப்பம் தீரும்.

ஊசி போடுவதற்கு முன் உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் உள்ளனவா என்று எண்டோஸ்கோபி பார்த்து, இருந்தால் அவற்றுக்குரிய கட்டுப் போடுவதோ மாத்திரை தொடங்குவதோ வழக்கம். அது நடந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்று: "இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து" என்று கடைக்காரரும் நாமும் சொல்லும் இம்மருந்துகள் எதுவும் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. அவை உறைதலைத்தான் தடுக்கின்றன. அந்தப் பெயரைக் கேட்டு, "ஏற்கெனவே தண்ணியா இருக்கே" என்று தாயாருக்கு ஊசியை மறுத்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஒரு சிறிய ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். முற்றிய ஈரல் நோயாளிகளின் இ.எஸ்.ஆர். (ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் குழாயில் எத்தனை மில்லிமீட்டர் படிகின்றன என்ற அளவு) சிலருக்கு 90ஐத் தாண்டுகிறது, சிலருக்கு 5இல் நிற்கிறது. ஸ்லைடில் பார்த்தால் நடுவில் பொட்டு வைத்தாற்போன்ற சிவப்பணுக்கள் நிறையத் தெரிகின்றன. இவை தொடர்புடையவையா?
(வாசகர், தட்டோன்)

பதில்: தாங்கள் ஒரே நோயின் இரண்டு முகங்களைப் பார்த்திருக்கிறீர்கள். எந்திரம் தந்த எண்ணோடு நின்றுவிடாமல் ஸ்லைடையும் வைத்துப் பார்க்கும் தங்கள் வழக்கம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது.

ஸ்வீடன் நாட்டின் ஃபோரியஸ், வெஸ்டர்கிரன் ஆகியோர் 1920களின் தொடக்கத்தில் நிலைநிறுத்திய இ.எஸ்.ஆர். சோதனை, சிவப்பணுக்கள் எவ்வளவு விருப்பத்தோடு ஒன்றையொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பதை அளக்கும் எளிய வழி. ஒட்டவைக்கும் பசையில் முதன்மையானது ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதம். அதை ஈரல் செய்கிறது. இரண்டாவது இம்யூனோகுளோபுலின்கள் என்ற எதிர்ப்புப் புரதங்கள். அவற்றைச் செய்வது ஈரல் அன்று, நோய் எதிர்ப்பு அணுக்கள். குடலிலிருந்து வரும் கிருமித் துணுக்குகளை வடிகட்ட வேண்டிய ஈரல் அவற்றைத் தப்பவிடுவதால், அந்த அணுக்கள் ஓய்வின்றித் தூண்டப்பட்டு இம்யூனோகுளோபுலினை மிகுதியாகச் சுரக்கின்றன. ஒட்டுதலைத் தணிக்கும் அல்புமினோ ஈரலின் தயாரிப்பாகையால் குறைந்துவிடுகிறது.

ஆகவே ஃபைப்ரினோஜன் இன்னும் ஓரளவு இருந்து, இம்யூனோகுளோபுலின் ஏறி, இரத்தச் சோகையும் சேர்ந்தவரிடம் இ.எஸ்.ஆர். 90ஐத் தாண்டும். ஈரல் மிகவும் நலிந்து ஃபைப்ரினோஜன் வறண்டவரிடம் 5இல் நிற்கும். அந்தத் தாழ்ந்த எண் நலத்தின் அடையாளம் அன்று. பிளாஸ்மாவின் பாகுநிலை ஈரல் நோயில் நாம் எதிர்பார்க்கும் அளவு குறையாமலும், சிலரிடம் உயர்ந்தும் காணப்படுவதற்கு இந்த இம்யூனோகுளோபுலின் ஏற்றமே காரணம். முழு இரத்தம் நீர்த்தும், அதிலுள்ள பிளாஸ்மா நீர்க்காமலும் இருப்பது இந்நோயின் தனித்தன்மை.

பொட்டு வைத்தாற்போன்றவை டார்கெட் செல்கள். கொலஸ்ட்ராலைப் பக்குவப்படுத்தும் எல்கேட் என்ற நொதியையும் ஈரலே செய்கிறது. அது குறைந்தால் கொலஸ்ட்ராலும் பாஸ்போலிப்பிடும் சிவப்பணுவின் சவ்வில் கூடுதலாக ஏறிக்கொள்ள, உள்ளிருக்கும் சரக்கைவிட உறை பெரிதாகிவிடுகிறது. தளர்ந்த பையைப் போன்ற இத்தகைய அணு நெளிந்து செல்வதில் பெரிய இடரில்லை. ஆனால் பெரும்பாலும் மதுவால் ஈரல் முற்றிலும் கெட்டவர்களிடம் கொலஸ்ட்ரால் மட்டும் தனித்து ஏறி, சவ்வு விறைத்து, முட்கள் முளைத்த ஸ்பர் செல்கள் தோன்றும். சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 8 மைக்ரான். அது நாள்தோறும் தன்னைவிடக் குறுகிய நுண்குழாய்களிலும், 1 மைக்ரான் அளவே உள்ள மண்ணீரல் இடுக்குகளிலும் மடங்கி நுழைந்தாக வேண்டும். விறைத்த அணு அங்கே சிக்கி உடைகிறது. 120 நாள் வாழ வேண்டியது அதற்கு வெகுமுன்பே அழிந்து, சோகையும் காமாலையும் மேலும் கூடுகின்றன. ஸ்லைடில் ஸ்பர் செல்களைக் கண்டால் தயவுசெய்து அறிக்கையில் எழுதுங்கள். அந்த ஒரு வரி மருத்துவருக்கு நோயின் கடுமையை உணர்த்தும்.

கேள்வி: என் தந்தையார் ஈரல் நோயால் இரண்டு முறை இரத்த வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 6.2 என்றார்கள். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றி, 8 ஆனதும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அண்ணன் தம்பி நால்வரும் இரத்தம் கொடுக்கத் தயாராக நின்றோம். வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏழைகள் என்று அலட்சியப்படுத்தினார்களோ என்ற வேதனை மனத்தை விட்டு அகலவில்லை.
(வாசகர், பெகு)

பதில்: ஐயா, தங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. தந்தை இரத்தம் கக்கிக் கிடக்கும்போது, தம் இரத்தத்தைத் தர நின்ற மகன்களைத் திருப்பி அனுப்புவது எவருக்கும் வலிக்கும். அவர்கள் காரணத்தை உட்கார்த்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது குறைதான். ஆனால் செய்த மருத்துவம் சரியானது.

புண்பட்டுக் கசிவது சாதாரணச் சிரை அன்று. ஈரலுக்குள் வழியில்லாமல் திரும்பிய இரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளில் ஏறி, அவற்றைப் புடைக்க வைத்து வெடிக்கச் செய்திருக்கிறது. நலமானவரிடம் குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் பெரிய நாளத்திற்கும் ஈரலைக் கடந்த சிரைக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு 1 முதல் 5 மில்லிமீட்டர் பாதரசம். அது 10ஐத் தொட்டால் சிரைகள் புடைக்கத் தொடங்கும், 12ஐத் தாண்டினால் வெடிக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் இரத்தத்தை விரைந்து ஏற்றினால் இரண்டு தீங்குகள் நேரும். உள்ளிருக்கும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. சிவப்பணுக்கள் சேர்வதால் பாகுநிலையும் கூடுகிறது. குழாயின் தடை பாகுநிலைக்கு நேர் விகிதத்தில் உயரும் என்பது பிரெஞ்சு மருத்துவர் பொய்சேயின் பெயரால் வழங்கும் விதி. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை ஏற்ற, அடைபட்ட புண் மீண்டும் திறந்துகொள்ளும்.

இது வெறும் ஊகமன்று. இரைப்பை, உணவுக்குழாய்ப் பகுதியில் இரத்தம் கசிந்த 921 பேரை வைத்து பார்சிலோனாவில் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இறங்கினால்தான் இரத்தம் ஏற்றுவது என்று ஒரு பிரிவினருக்கும், 9க்குக் கீழே வந்தாலே ஏற்றுவது என்று மற்றொரு பிரிவினருக்கும் விதித்தார்கள். ஆறு வாரம் கழித்து, குறைவாக ஏற்றிய பிரிவில் 100க்கு 95 பேரும், தாராளமாக ஏற்றிய பிரிவில் 91 பேரும் உயிருடன் இருந்தார்கள். தாராளமாக ஏற்றியவர்களிடம் அந்த நாளத்தின் அழுத்தம் உயர்ந்ததையும் அளந்து காட்டினார்கள். தங்கள் தந்தையாரை 6.2இலிருந்து 8க்குக் கொண்டுவந்து நிறுத்தியது இந்தக் கணக்குப்படியே. அங்கே அவருடைய இரத்தம் சற்று நீர்த்திருந்ததே அவருக்குக் காப்பாக இருந்தது.

இனிச் செய்ய வேண்டியது, புடைத்த சிரைகளுக்கு ரப்பர் வளையம் போடும் சிகிச்சையை முடியும்வரை விடாமல் தொடர்வதும், ப்ரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை கொடுத்திருந்தால் தாமாக நிறுத்தாமலிருப்பதும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கித் தராதீர்கள். வலி தாங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால், நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டாமல். நால்வரும் கொடுக்க நினைத்த இரத்தம் வீணில்லை. ஹெபடைடிஸ் பி சோதனையில் இல்லை என்று வந்தால் இரத்த வங்கிக்குக் கொடுங்கள். அந்தச் சோதனையை நால்வரும் எப்படியும் செய்துகொள்ள வேண்டும். மியான்மரில் 2015இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 100க்கு 6 அல்லது 7 பேரிடம் இக்கிருமி இருந்தது. ஒரே வீட்டில் தாய்வழியாகப் பலருக்குப் பரவியிருப்பதும் உண்டு.

கேள்வி: வயது 34. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்றார்கள். பி.சி.வி. 51. ஈரல் நோய் வந்தால் இரத்தம் நீர்க்கும் என்கிறார்கள், எனக்கு ஏன் கெட்டியாக இருக்கிறது?
(வாசகர், யாங்கோன்)

பதில்: தங்களுக்கு வந்திருப்பது நோயின் தொடக்கம். அங்கே கணக்கு நேர்மாறானது. ஈரல் இன்னும் வலுவோடு இருப்பதால், உடற்பருமனோடும் சர்க்கரைக் கோளாறோடும் சேர்ந்த அழற்சியில் அது ஃபைப்ரினோஜனைக் கூடுதலாகவே சுரக்கும். சிவப்பணுக்களின் ஒட்டுதலும் மிகும். இக்கட்டத்தில் ஈரலைவிட இதயத்திற்கும் மூளைக்கும்தான் அபாயம் அதிகம். புகைபிடிப்பவராயின் பி.சி.வி. உயர்வுக்கு அதுவும் காரணமாகலாம். எடையில் 100க்கு 7 முதல் 10 பங்கு குறைத்தால் ஈரல் அழற்சி தணிவதைக் காணலாம். அதற்கு மேற்பட்ட மருந்து இப்போதைக்குத் தேவையில்லை.

கேள்வி: மகோதரத்திற்கு (வயிற்றில் நீர் கோத்ததற்கு) நீர் மாத்திரை உண்கிறேன். வயிறு வற்றவில்லை என்று நானே இரட்டிப்பாக உண்ணலாமா? தண்ணீர் நிறையக் குடித்தால் இரத்தம் மேலும் நீர்த்துவிடுமா?
(வாசகர், துவாண்டே)

பதில்: மாத்திரையைத் தாங்களே கூட்டவே கூடாது. அது வயிற்று நீரை நேராக இறைப்பதில்லை. முதலில் இரத்தத்திலிருந்து நீரை எடுக்கிறது, பிறகுதான் வயிற்று நீர் மெல்ல இரத்தத்திற்குள் வரும். அவசரப்பட்டால் இரத்தம் திடீரென்று சுண்டி, சிறுநீரகத்திற்குப் போகும் ஓட்டம் குறைந்து, சிறுநீரகமே செயலிழக்கக்கூடும். கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ எடை குறைந்தாலே போதும். தினமும் காலையில் எடை பார்த்து ஒரு தாளில் எழுதிவாருங்கள்.

குடிக்கும் தண்ணீரால் தங்கள் இரத்தம் நீர்ப்பதில்லை, நீரைப் பிடித்துவைப்பது உப்பு. சோடியம் மிகவும் இறங்கியிருந்தாலன்றித் தண்ணீரைக் குறைக்க வேண்டியதுமில்லை. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் சமையலை அடக்க வேண்டும். ஙப்பி என்ற உப்பிட்ட மீன் விழுதும் மீன்சாறும் சேர்த்த ஒருவேளைக் குழம்பிலேயே அந்த அளவின் பெரும்பகுதி போய்விடும். வீட்டில் தங்களுக்கு மட்டும் ஙப்பி சேர்க்காமல் புளி, எலுமிச்சை, இஞ்சி, பச்சைமிளகாய் கொண்டு தனியே ஒரு கிண்ணம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கடையில் விற்கும் மொய்ங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸை வயிறு வற்றும்வரை ஒத்திவையுங்கள்.